முதல் மூன்று விநாடிகள்

செல்போன் செயலி திறக்கும் முன் வந்து மறையும் ஒரு திரை. சின்ன போன், பெரிய போன், மடக்கும் போன் எல்லாவற்றிலும் அதைக் கோணாமல் நிறுத்துவது தனி வேலை. அது சறுக்கினால் முதலில் தடுமாறுபவர்கள் பழைய போன் வைத்திருப்பவர்கள்.

நவம்பர், ஓய்வூதியக்காரர்களுக்குப் பரீட்சை மாதம். உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசுக்கு நிரூபிக்க வேண்டும். செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் இந்தப் பரீட்சை எழுதுபவர்கள் நிறையப் பேர். கன்டோன்மென்ட்டையும் ரயில்வேயையும் நம்பி வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதி இது. முன்பெல்லாம் உயிர்ச் சான்றிதழுக்கு வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். 2014 நவம்பரில் மத்திய அரசு ஜீவன் பிரமாண் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது விரல்ரேகைக் கருவியாவது தேவைப்பட்டது. 2021 நவம்பரில் அதுவும் வேண்டாம், செல்போன் காமிராவில் முகத்தைக் காட்டினால் போதும் என்றானது. தெலங்கானா அரசும் 2018இல் வெளியிட்ட டி ஆப் ஃபோலியோ செயலியில், மாநில ஓய்வூதியக்காரர்கள் செல்ஃபி எடுத்தே சான்று தரும் வசதியைப் பின்னர் சேர்த்தது.

ஆக, வரிசை வங்கியிலிருந்து உள்ளங்கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். வங்கி வரிசையில் நிற்பவருக்கு, முன்னால் எத்தனை பேர் என்பது கண்ணுக்குத் தெரியும். போனில் ஏதோ ஒரு செயலியைத் தொட்டவுடன் வெள்ளைத் திரை வந்து அசையாமல் நின்றால், உள்ளே வேலை நடக்கிறதா, போன் உறைந்துவிட்டதா என்று சொல்ல யாரும் இல்லை. மூன்று விநாடி பார்ப்பார்கள். பிறகு மறுபடி தொடுவார்கள். பிறகு பின்னால் போகும் பொத்தானை அழுத்துவார்கள். திறக்கவிருந்த செயலி அதோடு மூடிக்கொள்ளும். "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று போனைப் பேரனிடம் நீட்டும் முதியவர் தோற்றது தொழில்நுட்பத்திடம் அல்ல. யாரோ அக்கறையில்லாமல் விட்ட ஒரு திரையிடம்.

அதற்குத் தொடக்கத் திரை என்று பெயர். லாஞ்ச் ஸ்க்ரீன், ஸ்ப்ளாஷ் ஸ்க்ரீன் என்பவை தொழிலில் புழங்கும் சொற்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பா முறைத்துக்கொண்டிருக்கும் திரையைச் செய்பவர் அதே வீட்டு மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். மாரெட்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள பரேட் கிரவுண்ட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால், மென்பொருள் பயிற்சி நிலையங்களுக்குப் பேர்போன அமீர்பேட்டையைத் தாண்டி, ஹைடெக் சிட்டிக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் பல ஆண்டுகளாக வேரூன்றியிருக்கும் நகரம் ஹைதராபாத். வரைபடப் பணிக்காக ஆப்பிளும் 2016 மே மாதம் இங்கே அலுவலகம் திறந்தது. அந்த மெட்ரோ பெட்டியில் நிற்பவர்களின் கைகளைப் பார்த்தாலே போதும், பிரச்சினை என்னவென்று புரிந்துவிடும். ஒருவர் கையில் இருக்கும் போனைப் போல இன்னொருவர் கையில் இருப்பதில்லை.

ஏன் இந்தத் திரை?

செயலியைத் தொட்டதும் அது உடனே உயிர்பெற்றுவிடுவதில்லை. போன் அதற்கென்று நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். நிரல்களை ஏற்ற வேண்டும். முதல் பக்கத்தை வரைய வேண்டும். இந்த இடைவெளியில் எதையாவது காட்டாவிட்டால், தொட்டது பதிந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும். அதனால் செயலி தயாராகும்வரை போனே ஒரு திரையை முன்னால் நிறுத்துகிறது. நாடகக் கொட்டகையில் உள்ளே வேஷம் கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே தொங்கும் படுதா மாதிரி.

இதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. படுதா தொங்கும் நேரத்தில் நடிகர் மேடைக்கு வரவில்லை. அதாவது செயலியின் நிரல் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. எனவே 'இந்தப் போன் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், படுக்கையாகப் பிடித்திருக்கிறாரா, நிமிர்த்திப் பிடித்திருக்கிறாரா' என்று அதனால் கேட்டறிந்து தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மற்ற திரைகளில் தப்பு நேர்ந்தால் நிரல் சமாளிக்கும். தொடக்கத் திரையில் சமாளிக்க ஆளில்லை.

செயலி திறப்பதில் மூன்று வகை உண்டு. முழுவதும் புதிதாகத் தொடங்குவது 'குளிர்ந்த' தொடக்கம். பாதி நினைவில் இருப்பது 'வெதுவெதுப்பான' தொடக்கம். பின்னணியில் அப்படியே காத்திருந்தது முன்னால் வருவது 'சூடான' தொடக்கம். ஆண்ட்ராய்டு செயலிகளின் ஆரோக்கியத்தை அளக்கும் கூகுளின் கணக்கில், குளிர்ந்த தொடக்கத்துக்கு 5 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அது அதிகப்படி. வெதுவெதுப்புக்கு 2 விநாடி, சூட்டுக்கு ஒன்றரை விநாடி எல்லை.

இந்தக் கணக்குக்குப் பின்னால் மனித சுபாவம் இருக்கிறது. பயன்பாட்டியல் நிபுணர் யாக்கோப் நீல்சன் 1993இல் தன் நூலில் மூன்று எல்லைகளைச் சொன்னார். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும். ஒரு விநாடி வரை சிந்தனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கம்ப்யூட்டர்கள் மேஜையை அடைத்துக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு இது. போன் சட்டைப்பைக்குள் புகுந்த பிறகும் மனிதர்களின் பொறுமை நீளவில்லை.

ஒரே அளவு இருந்த காலம்

ஆரம்பத்தில் வேலை சுலபம். 2007இல் வந்த ஐபோனின் திரை 320க்கு 480 பிக்ஸல். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தபோது ஒரே அளவுதான். செயலி செய்பவர்கள் அந்த அளவில் ஒரு படம் வரைந்து உள்ளே வைத்தார்கள். முடிந்தது கதை.

2010இல் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஐபாடின் 1024க்கு 768 திரையை நிமிர்த்தியும் படுக்கையாகவும் பிடிக்கலாம். ஆகவே இரண்டு படம். ஐபோன் 4இன் திரை அதே உருவம், ஆனால் புள்ளிகள் இரட்டிப்பு: 640க்கு 960. பழைய படத்தை அதில் போட்டால் கலங்கலாகத் தெரிந்தது. எனவே இரட்டை அளவில் இன்னொரு படம்.

2012 செப்டம்பரில் ஐபோன் 5 வந்தபோது நிலைமை விபரீதமானது. அகலம் மாறவில்லை, உயரம் மட்டும் 1136 ஆனது. செயலி இந்தப் புதிய உயரத்துக்குத் தயாரா என்பதை ஆப்பிள் கண்டுபிடித்த விதம் விசித்திரமானது. அந்த உயரத்துக்கான தொடக்கப் படம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தால் முழுத் திரையையும் செயலிக்குக் கொடுத்தது. இல்லாவிட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு நடுவில் பழைய அளவில் காட்டியது. வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்த படம், செயலியின் அளவுச் சான்றிதழாக மாறிவிட்டது. ஒரு படத்தை வைக்க மறந்ததால் மொத்தச் செயலியும் சட்டத்துக்குள் சுருங்கிப்போனதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

2014இல் ஐபோன் 6, 6 பிளஸ். 2015இல் பெரிய ஐபாட் ப்ரோ. 2017இல் நெற்றியில் பள்ளம் விழுந்த ஐபோன் எக்ஸ், 1125க்கு 2436. எல்லாப் போன்களுக்கும் எல்லா வாக்குக்கும் படம் தயாரித்தால் எண்ணிக்கை ஒரு டஜனைத் தாண்டியது. சின்னத்தின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றச் சொன்னால் அத்தனையையும் மறுபடி வரைய வேண்டும்.

ஆண்ட்ராய்டு பக்கம் இந்தக் கணக்கே எடுபடாது. அங்கே ஒரு கம்பெனி அல்ல, நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்கள். ஓப்பன்சிக்னல் நிறுவனம் 2012இல் தன் செயலியை இறக்கிக்கொண்ட போன்களை வகை பிரித்தபோது 3,997 ரகங்கள் தென்பட்டன. 2015இல் அது 24,093 ஆகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரைய முடியாது.

சினிமாஸ்கோப் சங்கடம்

ஒரே படத்தைப் பல திரையில் காட்டும் தொல்லை தமிழர்களுக்குப் புதிதல்ல. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வெளிவந்தது. அகன்ற திரைக்காக எடுத்த இப்படிப்பட்ட படங்களைப் பழைய சதுர டி.வி.யில் காட்டும்போது மூன்றே வழிதான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் சின்னதாகக் காட்டலாம். திரையை நிரப்பிவிட்டு இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களை வெட்டலாம். அல்லது அமுக்கித் திணிக்கலாம். அப்போது எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள்.

தொடக்கத் திரையிலும் இதே மூன்று வழிகள்தான்: பொருத்துவது, நிரப்புவது, இழுப்பது. முழுத் திரைக்கு ஒரே படமாக வரைந்து வைத்தால் மூன்றில் ஏதாவது ஒரு கோளாறு தவிர்க்க முடியாதது. நீளமான போனில் சின்னம் முட்டை வடிவாகும். சதுரமான டேப்லெட்டில் படத்தின் ஓரங்கள் காணாமல் போகும்.

இன்னொரு செலவும் உண்டு. கோப்பாக இருக்கும்போது படம் சுருங்கிக் கிடக்கும். திரையில் காட்ட விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் நினைவகம் பிடிக்கும். 1080க்கு 1920 திரையை நிரப்பும் படத்துக்கு ஏறக்குறைய 8 மெகாபைட். 1 ஜி.பி. நினைவகம் உள்ள மலிவு போனுக்கு, வேலை தொடங்கும் முன்பே முதுகில் ஏற்றும் பாரம் இது. சீக்கிரம் வரவேண்டிய திரையே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

படம் அல்ல, விதி

தீர்வு எல்லாப் பக்கமும் ஒரே திசையில் வந்தது. படத்தைக் கொடுக்காதே, விதியைக் கொடு. 'சின்னம் நடுவில் நிற்கட்டும். திரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். பின்னணி இந்த நிறம்' என்று எழுதிக் கொடுத்தால், எந்த அளவுத் திரையானாலும் போனே வரைந்துகொள்ளும். சமையல்காரருக்கு "இருபது பேருக்கு இவ்வளவு, நூறு பேருக்கு இவ்வளவு" என்று தனித்தனியாகப் பட்டியல் கொடுப்பதற்கும் "ஒரு படி அரிசிக்குக் கால் படி பருப்பு" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆப்பிள் 2014இல் ஐ.ஓ.எஸ். 8உடன் இந்த வழியைத் திறந்தது. ஸ்டோரிபோர்டு என்ற ஒரே கோப்பில் விதிகளை எழுதினால் போதும். ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. பலர் படங்களையே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆப்பிள் கண்டிப்பு காட்டியது. ஆப் ஸ்டோருக்கு வரும் ஐபோன், ஐபாட் செயலிகள் ஸ்டோரிபோர்டு வழியில்தான் தொடக்கத் திரை அமைக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலைக் கெடுவாக வைத்தது. கொரோனா காரணமாக அது ஜூன் 30க்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர, மாறவில்லை. அதே ஆண்டு வந்த ஐ.ஓ.எஸ். 14இல், நிறமும் சின்னமும் மட்டும் போதும் என்பவர்கள் ஸ்டோரிபோர்டு கூட இல்லாமல் அமைப்புக் கோப்பில் சில வரிகள் எழுதி முடித்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் கிடைத்தது.

ஆண்ட்ராய்டில் விதியின் அடிப்படை, பிக்ஸலை மறப்பது. ஒரே அளவுக் கண்ணாடிக்குள் மலிவு போன் குறைவான புள்ளிகளையும் விலையுயர்ந்த போன் நெருக்கமான புள்ளிகளையும் வைத்திருக்கும். புள்ளியை எண்ணி அளவு சொன்னால், ஒன்றில் கட்டைவிரல் அளவாகத் தெரியும் சின்னம் இன்னொன்றில் மிளகு அளவாகிவிடும். எனவே அங்குலத்துக்கு 160 புள்ளி உள்ள திரையை அடிப்படையாக வைத்து டி.பி. என்ற பொது அளவு வகுத்தார்கள். 288 டி.பி. சின்னம் என்றால் அடிப்படைத் திரையில் 288 பிக்ஸல். 320 அடர்த்தியில் 576. 480 அடர்த்தியில் 864. கண்ணுக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 வந்தபோது, புள்ளிகளாக அல்லாமல் கோடுகளின் கணக்காகவே சின்னத்தைச் சேமிக்கும் வெக்டர் வசதியும் சேர்ந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது.

இதற்கு முன்பே ஒரு கைவேலை இருந்தது. ஒன்பது துண்டு படம் என்று அதைச் சொல்லலாம். படத்தைச் சுற்றி ஒரு பிக்ஸல் அகலத்தில் கறுப்புக் கோடு போட்டு, எந்தப் பகுதி இழுபடலாம் என்று குறித்துவிடுவார்கள். சேலையின் கரையும் முந்தானையும் அப்படியே இருக்க, உடல் பகுதி மட்டும் நீளுவது போல. சின்னம் நெளியாமல் திரை நிரம்பும்.

2021 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு 12 இன்னும் ஒரு படி போனது. செயலி எதுவும் சொல்லாவிட்டாலும், அதன் சின்னத்தை எடுத்து நடுவில் வைத்துப் போனே ஒரு தொடக்கத் திரையைக் காட்டிவிடுகிறது. சின்னம் 288 டி.பி. சதுரமாக வரையப்பட்டிருந்தால் அதில் 192 டி.பி. விட்டமுள்ள வட்டத்துக்குள் இருப்பது மட்டும் கண்ணில் படும். மூன்றில் இரண்டு பங்கு வட்டம் பத்திரம். அதற்கு வெளியே வரைந்தது வெட்டுப்படும். இந்தக் கணக்கைப் படிக்காமல் மூலை முட்டுவரை சின்னத்தை வரைந்தவர்களுக்குத் தலையும் காலும் போன சின்னம்தான் கிடைத்தது. ஏற்கெனவே சொந்தமாக ஒரு திரை வைத்திருந்த செயலிகளில் இன்னொரு தமாஷ்: முதலில் போன் காட்டும் திரை, அது மறைந்ததும் செயலியின் பழைய திரை. கல்யாண வீட்டு வாசலில் இரண்டு தடவை பன்னீர் தெளித்த கதை.

எழுத்துக்கு இடமில்லை

தொடக்கத் திரையில் எழுத்து எதுவும் வேண்டாம் என்பது ஆப்பிள் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் தரும் அறிவுரை. காரணம் எளிது. அந்தத் திரையின் உள்ளடக்கம் மாறாதது. எனவே அதில் உள்ள எழுத்து வாசகரின் மொழிக்கு மாறாது. செயலி முழுக்கத் தமிழிலோ தெலுங்கிலோ இருக்கும். வாசலில் மட்டும் 'லோடிங், ப்ளீஸ் வெயிட்' என்று ஆங்கிலம் நிற்கும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அது வரவேற்பல்ல, எச்சரிக்கை போலத்தான் தெரியும்.

தமிழ்ச் செயலிகளுக்கு இதில் தனிச் சரித்திரம் உண்டு. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், தமிழ்ப் பெயரைப் படமாக ஒட்டுவதே கைகொடுத்த வழி. போன்கள் தமிழை ஒழுங்காகக் காட்டத் தொடங்கிய பிறகு அந்தத் தேவை போனது. ஆனால் 'வெயிட்' என்ற ஒரு சின்னச் சொல்லுக்கு விட்ட இடத்தில் 'காத்திருக்கவும்' என்று போட்டால் குறுகிய திரையில் ஓரம் வெட்டுப்படும் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

ஹைதராபாத்தில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம். இங்கே உருது வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. 2017இல் அது தெலங்கானா முழுமைக்கும் இரண்டாவது ஆட்சிமொழியானது. செயலி உருதில் திறக்கும்போது பக்க அமைப்பே கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பும். 'இடது ஓரத்தில் படம்' என்று எழுதிய விதி அங்கே தவறிவிடும். 'வரி தொடங்கும் ஓரத்தில் படம்' என்று எழுதினால் தமிழுக்கு இடதாகவும் உருதுக்கு வலதாகவும் தானே அமையும். அளவுக்கு மட்டுமல்ல, மொழிக்கும் விதிதான் உதவுகிறது.

நிறத்துக்கும் அப்படியே. 2019இல் ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 13 இரண்டும் இருள் தோற்றத்தைக் கொண்டுவந்தன. இரவில் விளக்கணைத்துவிட்டுக் கறுப்புப் பின்னணியில் படித்துக்கொண்டிருப்பவரின் கண்ணில், செயலி திறக்கும்போது பளீரென்று ஒரு வெள்ளைத் திரை அறைவது சுகமான அனுபவமல்ல. தொடக்கத் திரைக்கும் பகல் நிறம், இரவு நிறம் என்று இரண்டு சொல்லி வைக்க வேண்டும்.

காத்திருப்பது யார்?

இத்தனைக்கும் மேல் ஒரு கேள்வி. இந்தத் திரை விளம்பரமா, வசதியா? கம்பெனிகளின் வணிகப் பிரிவுக்கு அது விளம்பரம். படம் தொடங்கும் முன் ஜெமினியின் இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதியதைப் போலத் தங்கள் சின்னமும் கம்பீரமாக வந்து போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். செயலி ஒரே விநாடியில் தயாராகிவிட்டாலும் மூன்று விநாடி நிறுத்திவைக்கும்படி நிரலில் கடிகாரம் வைப்பது இன்றும் நடக்கிறது. கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு ஊதுகுழல் உற்சாகம். பஸ் வந்து நிற்கும்போது டிக்கெட் காட்டச் செயலியைத் திறப்பவருக்கு அது உபத்திரவம்.

ஆப்பிளின் வழிகாட்டி இதில் தயவு காட்டவில்லை. தொடக்கத் திரை கம்பெனியின் பெருமையைக் காட்டும் இடம் அல்ல; செயலியின் முதல் பக்கத்தைப் போலவே, ஆனால் காலியாக, அது இருக்கட்டும் என்கிறது. மேலே பட்டை, கீழே பட்டை, நடுவில் வெறுமை. உள்ளடக்கம் வந்து நிரம்பும்போது திரை மாறியதே தெரியாது. செயலி உடனே திறந்துவிட்டதைப் போன்ற உணர்வு வரும். கூகுளோ சின்னத்துக்கு இடம் தருகிறது. ஆனால் அசையும் சின்னமாக இருந்தால் போனில் ஒரு விநாடியைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு குறுக்குவழியும் உண்டு. வெள்ளைத் திரை அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கண்ணுக்குத் தெரியாதபடி ஆக்கிவிடுவது. அப்போது தொட்ட பிறகும் பழைய பக்கமே விநாடிக்கணக்கில் அப்படியே இருக்கும். தொட்டது பதியவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி தொடுவார்கள். அழகைக் காப்பாற்றப்போய் அடையாளத்தை இழந்த கதை இது.

முக்கியமான விஷயம், இந்தத் திரையை எல்லோரும் சமமாகப் பார்ப்பதில்லை. நினைவகம் தாராளமாக உள்ள விலையுயர்ந்த போனில் பத்துப் பதினைந்து செயலிகள் பின்னணியில் விழித்திருக்கும். தொட்டால் 'சூடான' தொடக்கம். தொடக்கத் திரை கண்ணில் படவே படாது. மலிவு போனில் ஒன்றைத் திறக்க இன்னொன்றைக் கொன்றாக வேண்டும். ஒவ்வொரு முறையும் 'குளிர்ந்த' தொடக்கம். ஆகவே தொடக்கத் திரையை ஒரு நாளில் அதிகத் தடவை, அதிக நேரம் பார்ப்பவர் மலிவு போன்காரர். அவர் போன்தான் சிறியது, பழையது, புள்ளிகள் குறைந்தது. அதாவது அந்தத் திரை கோணலாக நிற்க அதிக வாய்ப்புள்ளதும் அவரிடம்தான்.

அதை வடிவமைப்பவரின் மேஜையில் இருப்பதோ பெரும்பாலும் அந்த ஆண்டின் புதுப் போன். அவர் கண்ணுக்குத் திரை மின்னி மறைகிறது. அவர் மேலாளர் கண்ணுக்கும் அப்படியே. கூகுள் 2017இல் 1 ஜி.பி.யும் அதற்குக் குறைவுமான நினைவகப் போன்களுக்கென்று ஆண்ட்ராய்டு கோ பதிப்பைக் கொண்டுவந்ததும், அதே ஆண்டு 240க்கு 320 பிக்ஸல் மட்டுமே உள்ள 2.4 அங்குலத் திரையோடு ஜியோபோன் இந்தியச் சந்தைக்கு வந்ததும், இந்த வாசகர்கள் சிறுபான்மை அல்ல என்பதற்குச் சாட்சி. இன்னொரு முனையில் 2019இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஃபோல்ட்: மூடினால் 4.6 அங்குலம், விரித்தால் 7.3 அங்குலம். ஒரே போன் இரண்டு போனாகிவிடுகிறது. இரண்டு முனைக்கும் ஒரே விதி பொருந்த வேண்டும்.

செய்ய வேண்டியது

நல்ல குழுக்கள் கடைப்பிடிக்கும் நடைமுறை பெரிய ரகசியமல்ல. ஒரு நிறம், ஒரு சின்னம், எழுத்து பூஜ்யம். சின்னத்தை வெக்டராக வரைந்து நடுவட்டத்துக்குள் அடக்குவது. ஐபோன் எக்ஸில் தொடங்கிய நெற்றிப் பள்ளத்துக்கும் காமிராத் துளைகளுக்கும் ஒதுங்கிய பத்திரமான பரப்புக்குள் எல்லாவற்றையும் வைப்பது. நிமிர்த்தியும் படுக்கையாகவும், பகல் நிறத்திலும் இரவு நிறத்திலும், வலமிருந்து இடம் ஓடும் மொழியிலும் ஒருமுறை பார்ப்பது. கடிகாரம் வைத்துக் காக்கவைப்பதை எடுத்துவிடுவது.

சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. ஐபோன், தொடக்கத் திரையை ஒருமுறை வரைந்ததும் சேமித்து வைத்துக்கொள்ளும். திருத்தியமைத்த பிறகும் பழைய திரையே வந்து நிற்பதைப் பார்த்து, தங்கள் வேலையில்தான் தப்பென்று இரவு முழுக்கத் தேடியவர்கள் பலர். செயலியை நீக்கி, போனை அணைத்துத் திறந்து, மறுபடி ஏற்றினால்தான் புதியது தெரியும்.

கம்ப்யூட்டர் திரையில் போலிப் போன்களை ஓடவிட்டு அளவுகளைச் சரிபார்க்கலாம். எத்தனை அங்குலமானாலும் கோணல் தெரிந்துவிடும். ஆனால் காத்திருப்பின் கனம் அதில் தெரியாது; அந்தக் கம்ப்யூட்டரின் வேகம் அப்படி. அதற்கு இரண்டு தலைமுறை பழைய, நினைவகம் நிரம்பி வழியும், ஓரம் விரிசல் விட்ட ஒரு நிஜ போன் வேண்டும். அப்படி ஒன்றுக்கு ஹைடெக் சிட்டி கம்பெனிகள் தனியாகக் கொள்முதல் உத்தரவு போட வேண்டியதில்லை. மாரெட்பள்ளியில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மகன் புதுசு வாங்கியதும் அப்பாவுக்குக் கைமாறியது அது. செயலியை வெளியிடுவதற்கு முந்தின நாள் அதை வாங்கி, ஒரே ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.